கரடி மனையும் கவாத்து மைதானமும்

உடலுக்கு வலிமை தேடும் வழிகள் இரண்டு, இன்று நம் நகரங்களில் அடுத்தடுத்த கட்டடங்களிலேயே நடைபெற்று வருகின்றன. ஒன்றில் இருபது முப்பது பேர் ஒரே கூடத்தில் நிற்கின்றனர். உரத்த இசைக்கும் பயிற்சியாளரின் குரலுக்கும் ஏற்பக் குதித்தும், குனிந்தும், ஓடியும், தூக்கியும், அரை மணி அல்லது முக்கால் மணி நேரம் மூச்சு முட்ட உழைத்துவிட்டுக் கலைகின்றனர். மற்றொன்றில் ஒருவர் இரும்புத் தண்டின் முன் தனியே நிற்கிறார். ஐந்து முறை தூக்குகிறார். மூன்று நிமிடம் ஓய்கிறார். மீண்டும் ஐந்து முறை தூக்குகிறார். சென்ற வாரத்தினும் இரண்டு கிலோ கூடுதலாகத் தூக்கிவிட்டால் அன்றைய வேலை நிறைவுற்றது என்று மகிழ்ந்து செல்கிறார். முன்னது தீவிரக் கூட்டுப் பயிற்சி. பின்னது தனிப் பளுப் பயிற்சி. இவ்விரண்டில் எது மேலானது என்னும் வழக்கு நேற்றுத் தோன்றியது போலப் பேசப்படுகிறது. உண்மையில் அது மிகப் பழைய வழக்கு. நம் தென்னாட்டில் அதன் தடங்களைத் தெளிவாகக் காணக்கூடிய இடம் மைசூர் ஆகும்.

மைசூர்ச் செய்தியைத் தமிழ் நேயர்களுக்குக் கூறப் புகும்போது கோபிநத்தத்திலிருந்து தொடங்குவது பொருந்தும். மாதேசுவரன் மலைக் காடுகளுக்கு நடுவே, காவிரி ஒகேனக்கல்லை நோக்கியும் பின் மேட்டூரை நோக்கியும் செல்லும் பகுதியில் அமைந்த சிற்றூர் அது. ஊரார் பேசும் மொழி பெரும்பாலும் தமிழ். முன்பு கொள்ளேகால் வட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பு வரையில் சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதன்பின் மைசூர் மாவட்டத்தில் சேர்ந்து, 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் அமைந்தபோது அதற்குரியதாயிற்று. செய்தித்தாள் படிப்போர்க்கு இவ்வூரின் பெயர் வேறொரு காரணத்தால் நினைவிருக்கும். அக்கதை இன்றைய பேச்சுக்கு உரியதன்று. நமக்கு வேண்டுவது, மைசூர் மல்லரின் மண்ணுக்கும் தமிழ்நாட்டுச் சிலம்ப வாத்தியாரின் களத்துக்கும் இடைப்பட்ட எல்லை நிலம் அது என்பதே.

இன்னொரு காரணமும் உண்டு. மலைநாட்டில் பிழைப்பே பளுப் பயிற்சியாக இருந்து வந்திருக்கிறது. சரிவான பாதையில் விறகுக் கட்டோ கேழ்வரகு மூட்டையோ சுமந்து ஏறுபவர், பிறர் போடும் தாளத்துக்கு நடப்பதில்லை. தம் மூச்சுக்குத் தக்கவாறு நடக்கின்றனர். பத்துப் பேர் சேர்ந்து போவார்கள். ஆனால் பத்துப் பேருக்கும் பத்து நடை. பழக்கமில்லாதவனே முதலில் விரைந்து ஏறி, பாதி வழியில் கல்லின்மேல் உட்கார்ந்து விடுவான். சேர்ந்து போவது ஒன்று, ஒரே அடியில் போவது வேறொன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

கன்னட நாட்டில் மற்பயிற்சி நடைபெறும் இடத்துக்குக் 'கரடி மனை' என்று பெயர். காட்டுக் கரடிக்கும் இதற்கும் தொடர்பில்லை. தமிழிலும் சிலம்பக் கூடத்தைக் 'கரடிக்கூடம்' என்று வழங்கியதுண்டு. மைசூர்க் கரடி மனையில் வாயில் தாழ்வாக இருக்கும். எவரும் தலை குனிந்தே உள்ளே புகவேண்டும். வெளிச்சம் மிகக் குறைவு. நடுவே செம்மண் நிரப்பிய குழி. அம்மண்ணை வாளா கொட்டி விடுவதில்லை. சலித்து, எண்ணெய், மஞ்சள் முதலியன கலந்து பதப்படுத்துவர். சுவரோரம் கர்லாக் கட்டைகள், கதைகள், கைப்பிடி செதுக்கிய கற்கள். ஒரு பக்கத்தில் அனுமன் உருவம், அல்லது குலத்தெய்வத்தின் படம். விடியற்காலையில் பயிலவருபவன் முதலில் அந்த மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான்.

அங்கே பயிற்சி எவ்வாறு நடைபெற்றது? தண்டால், பஸ்கி என்னும் இரண்டுமே அடிப்படை. கையை ஊன்றி உடலைத் தாழ்த்தி முன்னே வளைந்து எழுவது தண்டால். கால்களை மடக்கி அமர்ந்து எழுவது பஸ்கி. எண்ணிக்கை ஆளுக்கு ஆள் வேறுபடும். புதிதாக வந்த பையனுக்கு ஆசிரியர் ஒரு சிறு தொகை கூறுவார். சில நாட்களில் அதன்மேல் ஐந்து, பின்னர் இன்னும் ஐந்து. அவனருகில் நிற்கும் மூத்த மல்லன் பல நூறு எடுத்துக்கொண்டிருப்பான். அவனோடு போட்டியிடப் பையனுக்கு அனுமதி இல்லை. கர்லாக் கட்டையிலும் அவ்வாறே: இலகுவானதிலிருந்து கனமானதுக்கு மாற ஆசிரியரின் சொல் வேண்டும். இருபது பேர் ஒரே மண்ணில் வியர்த்தனர். ஆயினும் இருபது கணக்கு நடந்தது. கரடி மனை ஒரு கூட்டமே. அதனைத் தனிமனிதர் பயிற்சி என்று எண்ணுவது தவறு.

இம்முறையின் வேர் மிக ஆழமானது. கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றுவித்த 'மானசோல்லாசம்' என்னும் நூலில், மல்லர்களைப் பற்றித் தனிப்பகுதி ஒன்று உண்டு. வயது, உடற்பருமன், வலிமை ஆகியவற்றைக் கொண்டு மல்லர்களை வகைப்படுத்தி, அவர்கள் உண்ணவேண்டியவற்றையும் செய்யவேண்டிய உழைப்புகளையும் அந்நூல் வகுத்துக் கூறுகிறது. பளு சுமத்தல், காலை நடை, நீரில் உழைத்தல், கம்பத்தில் ஏறிப் பழகுதல், தோளோடு தோள் பொருதல் என அவ்வுழைப்புகள் பல. அனைவர்க்கும் ஒரே பாடம் என்னும் எண்ணம் அதில் இல்லை.

ஏறத்தாழ 1520-ஆம் ஆண்டில் விசயநகரத்துக்கு வந்த டொமிங்கோ பயஸ் என்னும் போர்த்துகீசியர், கிருஷ்ணதேவராயரின் காலைப் பொழுதை எழுதி வைத்திருக்கிறார். விடியுமுன் மன்னர் நல்லெண்ணெய் அருந்துவார். உடல் முழுவதும் எண்ணெய் பூசிக்கொள்வார். அரையில் சிறு துணி ஒன்றை மட்டும் கட்டிக்கொண்டு, மண்ணால் செய்த கனத்த பளுக்களைக் கைகளில் தூக்குவார். பிறகு, குடித்த எண்ணெய் அத்தனையும் வியர்வையாக வெளிவரும் வரையில் வாள் வீசுவார். அதன்பின் தம் மல்லருள் ஒருவருடன் பொருதுவார். முடிவில் குதிரையேறி, விடியும் வரை வெளியில் விரைந்து திரிவார். பளு, விரைவு, எதிராளி, ஓட்டம் என்று எல்லாம் ஒரே காலையில் அடங்கிவிட்டன. இன்றைய கூட்டுப் பயிற்சிக் கூடத்தின் அட்டவணை இதனினும் பெரிதாக வேறுபட்டதன்று. எண்ணெய் குடிப்பது ஒன்றுதான் இல்லை!

விசயநகரத்து மகாநவமி விழாவை மைசூர் உடையார்கள் தசராவாகத் தொடர்ந்தனர். மல்லரையும் தொடர்ந்து போற்றினர். 1638 முதல் 1659 வரை ஆண்ட கண்டீரவ நரசராச உடையார் தாமே பெரிய மல்லர். அவர் மாறுவேடம் பூண்டு திருச்சிராப்பள்ளிக்குச் சென்று, அங்கே எவராலும் வெல்லப்படாதிருந்த மல்லன் ஒருவனை வீழ்த்தினார் என்று மைசூர் மரபுக்கதை கூறும். தமிழ்நாட்டு வரலாற்றாசிரியர் அக்கதையைத் தம் பக்கத்திலிருந்து எழுதியிருந்தால் வேறு முடிவு கிடைத்திருக்குமோ என்னவோ! ஜெட்டிகள் என்னும் மல்லர் குலத்தினர், விரல்களில் கொம்பாலான ஆயுதம் அணிந்து பொருதும் வச்சிரமுட்டிப் போரைத் தசராக் காலத்தில் அரண்மனையில் நிகழ்த்தி வந்தனர். எதிராளியின் தலையில் முதல் துளி இரத்தம் வெளிப்பட்டவுடன் போர் நிறுத்தப்படும். இவர்களே எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவர்களாகவும், தசை பிடித்துவிடுபவர்களாகவும் விளங்கினர். உடலை உடைக்கத் தெரிந்தவரிடமே அதை ஒட்டவைக்கும் கலையும் இருந்தது.

மருத்துவ நூலார் இதற்கு ஓர் எல்லை வகுத்தனர். தன் வலிமையில் பாதியளவுக்கு மட்டுமே ஒருவன் உழைக்க வேண்டும் என்பது சுசுருத சங்கிதையின் கட்டளை. அந்தப் பாதியை எவ்வாறு அறிவது? உழைப்பவனுடைய மூச்சு வாய்வழியாக வெளிவரத் தொடங்குவதே அடையாளம். வாக்பட்டரும் பாதி வலிமை என்றே கூறுகிறார். அதனையும் நெய்ப்பசையுள்ள உணவு உண்போர்க்கு, குளிர்காலத்திலும் வேனில் தொடக்கத்திலும் என வரையறுக்கிறார். அதாவது அளவுகோல் உழைப்பவனின் உடலுக்குள்ளேயே இருந்தது. கடிகாரத்தில் இல்லை; அடுத்தவனிடத்திலும் இல்லை.

எனினும் நம் முன்னோர் அனைவரும் இவ்வளவு அடக்கமாக நடந்துகொண்டனர் என்று சொல்லிவிட முடியாது. 1888-இல் ஜோத்பூர் அரசர் பஸ்கிப் போட்டி ஒன்று நடத்தினார் என்றும், நானூறுக்கு மேற்பட்ட மல்லர் ஒன்றாக நின்று உட்கார்ந்து எழத் தொடங்கினர் என்றும், இறுதிவரை நின்ற பதினைவருள் பத்து வயதுப் பையன் ஒருவனும் இருந்தான் என்றும் காமா பயில்வானின் வரலாறு கூறுவோர் உரைப்பர். அப்பையனே காமா. 1910-இல் இலண்டனில் போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவோடு முடிவின்றிப் பொருது, 1928-இல் பாட்டியாலாவில் ஒரு நிமிடத்துக்குள் அவரை வீழ்த்தியவர் அவர். ஜோத்பூர்ப் போட்டிக்குப் பின்னர் அச்சிறுவன் பல நாட்கள் படுக்கையை விட்டு எழ இயலவில்லை என்பதும் அக்கதையின் பகுதியே. வெற்றியைக் கொண்டாடுவோர் இப்பகுதியை விட்டுவிடுவது வழக்கம்.

இனி, மேற்கிலிருந்து வந்த கவாத்தைப் பார்ப்போம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெப்போலியனிடம் தோல்வியுற்ற நாடுகள் தம் இளைஞரின் உடலைச் சீர்ப்படுத்த எண்ணின. செருமனியில் யான் என்பவர் 1811-இல் பெர்லினுக்கருகே திறந்த வெளிப் பயிற்சிக்களம் அமைத்தார். சுவீடனில் லிங் என்பவர், கட்டளைக்கு ஏற்ப அனைவரும் ஒன்றாகக் கைகால் அசைக்கும் முறையை வகுத்தார். இது பள்ளிக்கும் படைக்கும் மிகவும் ஏற்றதாயிற்று. கருவி வேண்டாம், செலவு இல்லை, ஓர் ஆசிரியர் நூறு பேரை நடத்தலாம்.

இங்கே நம் கர்லாக் கட்டைக்கு நேர்ந்த கதையைச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலப் படையினர் இங்குள்ள மல்லரிடம் அதனைக் கண்டு வியந்து, தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றனர். அங்கே அதற்கு 'இந்தியக் கட்டை' என்று பெயரிட்டனர். ஆனால் கட்டை மெலிந்தது. ஒருவன் பல்லாண்டு பழகி மெல்ல மெல்லக் கனம் ஏற்றிச் சுழற்றிய கருவி, ஒரு கூடத்தில் வரிசையாக நிற்கும் ஆண்களும் பெண்களும் இசைக்கேற்பச் சுழற்றும் இலேசான மரத்துண்டாயிற்று. 1904-இலும் 1932-இலும் ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றல் ஒரு போட்டியாகவே இடம் பெற்றது. பின்னர் அந்த மெலிந்த கட்டை நம் பள்ளிகளுக்கே திரும்பி வந்தது. கருவி ஒன்றே, வலிமையை வளர்ப்பதற்கு இருந்தது, ஒழுங்கைக் காட்டுவதற்கு ஆயிற்று. இதில் இழப்பும் உண்டு, ஆதாயமும் உண்டு. கனத்த கர்லாக் கட்டையை எடுக்கத் துணியாத பல்லாயிரவர் மெலிந்த கட்டையை எடுத்தனர் அல்லவா?

சென்னையில் 1920-ஆம் ஆண்டு ஹாரி க்ரோ பக் என்னும் அமெரிக்கர், கிறித்தவ இளைஞர் சங்கத்தின் சார்பில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பள்ளியை நிறுவினார். பிற்காலத்தில் நந்தனத்தில் நிலைபெற்ற கல்லூரி அதுவே. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குழுவின் மேலாளராகவும் அவர் சென்றார். அங்கே பயின்றவர்கள் தென்னாட்டுப் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களாகச் சென்றனர். நம்மில் மூத்தோர் 'டிரில் மாஸ்டர்' என்று நினைவுகூர்பவர், பெரும்பாலும் அந்த வழியில் வந்தவர்தாம். வெயிலில் வரிசையாக நிறுத்தி 'ஒன்று, இரண்டு' என்று எண்ணிய அவருடைய குரலே, இன்றைய கூட்டுப் பயிற்சிக் கூடத்தில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்கிறது என்றால் மிகையாகாது.

இவ்விரண்டு நீரோட்டங்களும் ஒன்றையொன்று சந்தித்த இடம், 1930-களில் மைசூர் அரண்மனை. நால்வடி கிருஷ்ணராச உடையார் உடற்பயிற்சியில் பேரார்வம் கொண்டவர். தசரா மல்லர்களுக்கு அவர் ஆதரவு இருந்தது. பெங்களூரில் உடற்பயிற்சிக் கூடம் நடத்திய கே. வி. ஐயருக்கும் அவருடைய ஆதரவு கிட்டியது. ஐயர் இரும்புத் தண்டையும் யோகாசனத்தையும் இணைத்தவர். மல்லரின் பருத்த உடலை அவர் விரும்பவில்லை. கிரேக்கச் சிலையைப் போல அளவொத்த அங்கங்களே அவருடைய இலட்சியம். 1930-இல் 'மஸில் கல்ட்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். அவருடைய படங்கள் மேனாட்டு உடற்பயிற்சி இதழ்களில் வெளிவந்தன. அஞ்சல் வழியாகவும் மாணவருக்குப் பயிற்சி அளித்தார். இவரே கன்னடத்தில் 'சாந்தலா' என்னும் வரலாற்று நாவலையும் எழுதியவர் என்பதை அறிந்தால் சிலர் வியப்படையக்கூடும். உடலைப் பேணுவோர்க்கு எழுத்து வராது என்று நாம் ஏன் கருத வேண்டும்?

அதே மன்னர், திருமலை கிருஷ்ணமாசாரியாரை வரவழைத்து, 1933-இல் ஜகன்மோகன் அரண்மனையின் ஒரு பகுதியில் யோகசாலை அமைத்துக் கொடுத்தார். கிருஷ்ணமாசாரியார் கன்னடத்தில் எழுதிய 'யோக மகரந்தம்' 1934-இல் வெளிவந்தது. அரச உறவினராகிய சிறுவரே அவருடைய மாணவர்களுள் பெரும் பகுதியினர். துள்ளும் வயதினர் பலரை ஒரே கூடத்தில் வைத்து அவர் நடத்திய பயிற்சி, ஆசனத்திலிருந்து ஆசனத்துக்கு மூச்சோடு இணைந்து விரைவாகத் தாவிச் செல்லும் தன்மையது. அரண்மனையின் அதே பகுதியில், சில அடி தொலைவில், ஐயரின் மாணவர் ஒருவர் மேனாட்டு முறை உடற்பயிற்சி நடத்திவந்தார். அக்காலத்துக் கவாத்தும் உடற்பயிற்சியும் கிருஷ்ணமாசாரியாரின் முறையில் கலந்துவிட்டன என்று மார்க் சிங்கிள்டன் என்னும் ஆராய்ச்சியாளர் 2010-இல் வெளியிட்ட நூலில் வாதித்தார். அந்த ஆசிரிய மரபினர் பலர் இதனை ஒப்புவதில்லை. சுவருக்கு அப்பால் கேட்ட எண்ணிக்கையின் ஓசை இப்பாலும் சிறிது பரவியிருக்கும் என்பதே என் எண்ணம். அதற்காக யோகத்தின் பெருமை குறைந்து விடாது.

ஓர் ஊர், ஓர் அரசர், ஒரே பத்தாண்டு: மண்குழியில் மல்லர், இரும்புத் தண்டோடு ஐயரின் மாணவர், எண்ணிக்கைக்கு ஏற்பத் தாவும் சிறுவர். நம் வழக்கில் வாதியும் பிரதிவாதியும் அன்றே நேரில் நின்றுவிட்டனர்.

அதன்பின் இரு பக்கத்துக்கும் விஞ்ஞானம் சாட்சி சொல்லத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க மருத்துவர், மெலிந்த காலில் பளுவைக் கட்டி, பத்துப் பத்து முறையாகத் தூக்கச் செய்து, வலிமை கூடக்கூடப் பளுவையும் கூட்டினார். 1945-இல் அவர் வெளியிட்ட முடிவுகள், 'படிப்படியாகப் பளு ஏற்றல்' என்னும் கொள்கைக்கு மருத்துவ மதிப்பைத் தேடித் தந்தன. கரடி மனை ஆசிரியர் ஐந்து ஐந்தாகத் தண்டாலைக் கூட்டியதன் உட்பொருளும் இதுவே. ஆயின் ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விடலாகாது. எண்ணிக்கை கூடினால் நீடித்துழைக்கும் ஆற்றல் பெருகும். கனம் கூடினாலொழிய முழு வலிமை பெருகுவதில்லை. நூறு பஸ்கியை ஆயிரமாக்குவதும், தோளில் சுமக்கும் பளுவை இரட்டிப்பதும் ஒன்றல்ல. இவ்வகையில் இரும்புத் தண்டு பழைய முறையை வென்றுவிட்டது என்றே கூற வேண்டும்.

மறுபக்கத்துக்கு வலுவான சாட்சி 1996-இல் ஜப்பானிலிருந்து வந்தது. இசுமி தபாதா என்னும் அறிஞரும் அவர் குழுவினரும், நிலைத்த மிதிவண்டியில் இளைஞர்களை இருபது நொடி முழு வேகத்தில் மிதிக்கச் செய்து, பத்து நொடி ஓய்வளித்து, இவ்வாறு ஏழெட்டு முறை திரும்பச் செய்தனர். மொத்தம் நான்கு நிமிடமே. ஆறு வாரத்தில் அவ்விளைஞரின் உடல் பிராணவாயுவை ஏற்கும் உச்ச அளவும் உயர்ந்தது; பிராணவாயு போதாத நிலையிலும் உழைக்கும் ஆற்றல் 28 விழுக்காடு உயர்ந்தது. இம்முறையை வகுத்தவர் உண்மையில் பனிச்சறுக்கு விரைவோட்ட வீரர்களின் பயிற்சியாளர் ஒருவர். தபாதா அதனை அளந்து காட்டினார். சோதனைக்கு உட்பட்டவர்கள் முன்பே பயின்ற இளைஞர் என்பதை, இம்முறையை விற்பனை செய்வோர் மறந்து விடுகின்றனர்.

2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் கிரெக் கிளாஸ்மன் முதலியோர் கிராஸ்ஃபிட் என்னும் முறையைத் தொடங்கினர். பளு தூக்கல், ஓட்டம், கம்பியில் தொங்கி எழுதல் எல்லாவற்றையும் கலந்து, கடிகாரத்தை வைத்து, குழுவாகச் செய்வது அது. அன்றைய பாடம் ஒன்று அறிவிக்கப்படும். ஒவ்வொருவரும் எடுத்த நேரம் பலகையில் எழுதப்படும். 2016-இல் பெங்களூரில் 'கல்ட்' என்னும் நிறுவனம் கூட்டுப் பயிற்சிக் கூடங்களைத் தொடங்கியபின் நம் நகரங்களிலும் இத்தகைய வகுப்புகள் பரவின. அலுவலகத்தில் நாள் முழுதும் அமர்ந்திருப்போர்க்கு இவை செய்த நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தனியே செய்யப் புகுந்தவர் பத்தாம் நாள் விட்டுவிடுவார். தோழர் நால்வர் காத்திருக்கின்றனர் என்றால் எழுந்து வருவார்.

ஆனால் பளுவும் களைப்பும் விரைவும் ஓரிடத்தில் கூடும்போது ஓர் ஆபத்து நேர்கிறது. கனத்த தண்டைத் தரையிலிருந்து தூக்குவது நுட்பமான வேலை. முதுகு நேராக நிற்க வேண்டும், மூச்சு அடங்கியிருக்க வேண்டும். களைத்துப்போன நிலையில், பலகையில் தன் பெயர் கீழே போய்விடுமோ என்னும் அச்சத்தில், முப்பதாம் முறை தூக்குகிறவனுக்கு இவை நினைவிருப்பதில்லை. பழக்கமில்லாத உடல் எல்லை கடந்து உழைத்தால் தசையிழைகள் சிதைந்து, அவற்றின் உட்பொருள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குவதும் உண்டு. சிறுநீர் கறுத்த தேநீர் நிறம் அடைவது அதற்கு அடையாளம். உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டிய நிலை அது. மருத்துவர் இதனை ராப்டோமயோலிசிஸ் என்பர். முதல் நாளே ஐந்நூறு பஸ்கி எடுத்தவனுக்கும் இதே கேடு வரும். ஆகையால் குற்றம் புதிய முறைக்கு மட்டும் உரியதன்று. ஆளைப் பாராமல் அளவு விதிப்பது எதுவோ அதற்கு உரியது. நல்ல கூட்டுப் பயிற்சிக் கூடங்கள் ஒவ்வொருவர்க்கும் பளுவைக் குறைத்துக் கொடுப்பதும் இதனாலேயே. நல்லாசிரியர் ஒருவர் எத்தனை பேரைக் கண்ணால் காக்க முடியும் என்பதே அங்கு எழும் கேள்வி.

பழைய முறையைப் புகழும்போது வசதியாக மறைத்துவிடும் உண்மையொன்று உண்டு. கரடி மனையின் தாழ்ந்த வாயில் பெண்களுக்குத் திறக்கவில்லை. குலமும் தெருவும் பார்த்தே பல மனைகள் அமைந்தன. யாரும் வரலாம் என்று முதலில் கூறியது பள்ளிக் கவாத்து மைதானமே. இசைக்கேற்ப ஆடும் கூட்டுப் பயிற்சி வகுப்புக்குத் தயங்காமல் வந்த பெண்களுள் பலர், இரும்புத் தண்டு இருக்கும் அறைக்குள் நுழையக் கூசியவர்கள். இக்கூச்சத்தால் நேரும் நட்டம் சிறிதன்று. மாதவிடாய் நின்றபின் எலும்பு விரைந்து தேய்கிறது. எலும்பையும் தசையையும் காக்கும் வழிகளுள் பளுப் பயிற்சி முதன்மையானது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வயது வந்தோர் வாரந்தோறும் மிதமான உழைப்பு 150 முதல் 300 நிமிடம், அல்லது கடுமையான உழைப்பு 75 முதல் 150 நிமிடம் செய்யவேண்டும் என்பதோடு, வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்று கூறியிருக்கிறது. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று அது கூறவில்லை.

பெண்ணுக்குப் பளு ஆகாது என்போர்க்கு விடையளிக்க நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டு சிட்னியில் ஆந்திரத்துக் கர்ணம் மல்லேசுவரி, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியானார். அது பளு தூக்கலில் கிடைத்தது. 2021-இல் டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் பெற்ற மணிப்பூர் மீராபாய் சானு, சிறு வயதில் தம் அண்ணன் தூக்க மாட்டாத விறகுக் கட்டைத் தூக்கி வந்தவர். கோபிநத்தத்துக் காட்டுப் பாதையிலும் விறகுக் கட்டு பெண்களின் தலையிலேதான் ஏறியது. அதனை எவரும் பயிற்சி என்று எண்ணி எடை போடவில்லை. தமிழ்நாட்டில் வேலூர்ச் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014-இல் கிளாஸ்கோவில் 328 கிலோ தூக்கிக் காமன்வெல்த் தங்கம் வென்றார். 2018-இல் மீண்டும் வென்றார். அவருடைய தந்தையாரும் பளு தூக்கியவரே. ஒரு வீட்டில், ஒரு தெருவில், ஒருவர் கண் முன்னே மற்றொருவர் வளரும் அந்தக் கரடி மனைத் தன்மை, இரும்புத் தண்டு வந்தபின்னும் அங்கே அழியவில்லை.

நெல்லைப் பகுதிச் சிற்றூர்களில் பொங்கலன்று இளவட்டக்கல் தூக்குவது இன்றும் நடைபெறுகிறது. உருண்டையாகச் செதுக்கிய அக்கல்லைச் சுற்றி ஊரே கூடி நின்று ஆரவாரம் செய்யும். ஆயினும் கல்லைத் தொடுபவன் ஒருவனே. முழங்கால் வரை, நெஞ்சு வரை, தோள் வரை என்று படிகள் உண்டு. நெஞ்சோடு நின்றவனை எவரும் எள்ளுவதில்லை, அடுத்த பொங்கல் இருக்கிறது. சில ஊர்களில் இக்காலத்தில் பெண்களும் கல்லைத் தூக்குகின்றனர். காவல்துறையிலும் வனத்துறையிலும் படையிலும் சேர விரும்பும் மலையூர் இளைஞர்க்கு இந்தக் கல் தரும் பாடம் பயன்படும். தேர்வுக் களத்தில் ஓட்டத்துக்கும் தாண்டலுக்கும் அனைவர்க்கும் ஒரே அளவுதான். அதில் விட்டுக்கொடுத்தல் இல்லை. ஆனால் அவ்வளவை எட்டும் வழி ஒவ்வொருவர்க்கும் வேறு. தேர்வு நாளின் வேகத்தையே முதல் நாளிலிருந்து பழகப் புகுந்தவன், தேர்வு வருமுன்னரே முழங்கால் வலியோடு வீட்டில் இருப்பான்.

கிருஷ்ணமாசாரியாரின் பிற்காலம் இங்கே நினைக்கத் தக்கது. 1940-இல் மன்னர் மறைந்தார். பத்தாண்டில் யோகசாலை மூடப்பட்டது. 1952-இல் அவர் சென்னைக்கு வந்தார். ஜகன்மோகன் அரண்மனையில் சிறுவர் கூட்டத்தைத் தாவச் செய்தவர், சென்னையில் நோயாளிகளையும் முதியோரையும் ஒருவர் ஒருவராக எதிரில் அமர்த்திப் பாடம் சொன்னார். வயது, தொழில், நோய், மூச்சின் நீளம் ஆகியவற்றை நோக்கி, ஒருவர்க்குக் கூறியதை மற்றவர்க்குக் கூறாமல் கற்பித்தார். அவர் மைந்தர் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாசாரியார் யோக மந்திரம் அவ்வழியையே பின்பற்றியது. 1989-இல், நூறு வயதில் அவர் காலமானார்.

மைசூரில் தங்கிவிட்ட அவர் மாணவர் பட்டாபி ஜோயிஸ் மற்றொரு வழி கண்டார். தாவிச் செல்லும் அந்தப் பழைய வரிசையை அவர் கைவிடவில்லை. ஆனால் அன்றாடம் தம் கூடத்தில், ஒரே அறையில் பலர் நிற்க, ஒவ்வொருவரும் தாம் கற்ற அளவை மட்டும் தம் மூச்சுக்கேற்பச் செய்ய விட்டார். ஆசிரியர் இடையே நடந்து, தேவையானவரைத் தொட்டுத் திருத்துவார். முதலிலுள்ளது நன்கு படியாதவரையில் அடுத்த ஆசனம் சொல்லித் தரப்படாது. எண்ணிக்கை கூறி எல்லாரையும் ஒன்றாக நடத்தும் வகுப்பும் உண்டு. அது தனி நாளுக்குரியது. 2009-இல் ஜோயிஸ் மறைந்தபின்னும் வெளிநாட்டினர் இதனைக் கற்க மைசூர்க் கோகுலம் பகுதிக்கு வந்து குவிகின்றனர். நியூயார்க்கிலும் தோக்கியோவிலும் இம்முறைக்கு 'மைசூர்' என்றே பெயர். அதே நகரில், தசரா நெருங்கும்போது, பழைய தெருக்களில் எஞ்சியுள்ள கரடி மனைகளில் மண்ணைக் கிளறி எண்ணெய் வார்க்கின்றனர். விடியுமுன் வரும் பையன்களுள் சிலர் மாலையில் இரும்புத் தண்டுக் கூடத்துக்கும் செல்கின்றனர். அதனை உஸ்தாத் தடுப்பதில்லை, எத்தனை கிலோ என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார்.